எண் ஏறினால் போதுமா?
(சங்க மகளிர் கூட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் உறுப்பினர் ஒருவர் பேசியது)



தெற்கு மாட வீதியில் வாங்கிய காய்கறிப் பையைத் தூக்கும்போது, தும்மும்போது சிறுநீர் கசிகிறதா? வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். இடுப்புத் தளத் தசைப் பயிற்சியால் பலருக்கு இது குறைகிறது.

இந்தப் பயிற்சியைப் பரப்பியவர் அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கேகல். தசையின் அழுத்தத்தை அளக்கும் 'பெரினியோமீட்டர்' பற்றி 1948-இல் எழுதியவரும் அவரே. அந்த வகைக் கருவிகள் இன்று ஆன்லைனில் கிடைக்கின்றன.

பிறப்புறுப்பினுள் வைக்கும் அந்தக் கருவிக்கு அழுத்தம் மட்டுமே தெரியும். அது எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. மலம் கழிக்க முக்குவதுபோல் முக்கினாலும் எண் ஏறும். அப்படியே பழகினால் கசிவு கூடலாம். 1991-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வாய்மொழியாக மட்டும் கற்ற 47 பெண்களில் சுமார் கால்வாசிப் பேர் கசிவைக் கூட்டக்கூடிய விதத்தில்தான் செய்தார்கள்.

ஆகவே எண்ணுக்கு முன் திசையைப் பாருங்கள். சரியாகச் செய்தால் கருவி உள்ளே இழுபடும். முக்கினால் வெளியே தள்ளப்படும். மூச்சு இயல்பாக ஓடட்டும். தொடை, பிட்டம் தளர்வாக இருக்கட்டும்.

சிறுநீர் கழித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் படுத்து அளவெடுங்கள். வேறு கம்பெனிக் கருவியின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள். கருவியை யாருடனும் பகிராதீர்கள். கர்ப்பம், தொற்று, அண்மையில் பிரசவம் என்றால் டாக்டரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம்.

வாங்குவதற்கு முன் ஒருமுறை பிசியோதெரபிஸ்டிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கூச்சம் வேண்டாம்.