கேக்குக்கு அடர் சிவப்பு எடுப்பது எப்படி?
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



தொழில் அனுபவத்தைப் பத்திப் பேசச் சொன்னாங்க. எங்கள் குழு கேக் போட ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. பேக்கரிப் பயிற்சி முடிச்சிட்டு வர்ற பிள்ளைங்க என்னிடம் அதிகமாகக் கேட்கிறது ஒரே கேள்விதான். "அக்கா, எவ்வளவு கலர் ஊத்தினாலும் க்ரீம் ரோஸ் கலர்லயே நிக்குதே, நல்ல சிவப்பு எப்படி வரும்?" இன்னிக்கு அதையே பேசுறேன்.

க்ரீம் வெள்ளை. வெள்ளையில் சிவப்பைப் போட்டால் முதலில் ரோஸ்தான் வரும். அடிக்க அடிக்கக் காற்று ஏறி இன்னும் வெளுக்கும். பாட்டிலில் வர்ற திரவக் கலரில் பெரும்பகுதி தண்ணீர். வெண்ணெயோடு தண்ணீர் ஒட்டாது. பாட்டிலைக் கவிழ்க்கக் கவிழ்க்க க்ரீம் இளகும், கசக்கும், சிவப்பு மட்டும் வராது. அதனால் திரவத்தை விட்டுட்டு ஜெல் கலர் வாங்குங்க.

பட்டர் க்ரீம் என்றால் எங்க கைப்பழக்கம் இது. அரை கிலோ க்ரீமுக்கு ஒரு மேசைக்கரண்டி கோகோ பவுடரைச் சலித்துக் கலந்துவிடுவோம். வெள்ளை போய் லேசான பழுப்பு வந்துவிடும். அதன் மேல் சிவப்பு போட்டால் பாதி கலரிலேயே அழுத்தம் கிடைக்கும். அதில் ரெண்டு கரண்டி க்ரீமை மட்டும் தனியாக எடுத்து, லேசாக உருக்கி, ஜெல்லை அதில் கரைத்து, ஆறின பிறகு மொத்தத்தோடு சேர்க்கணும். மெஷின் வேண்டாம், கரண்டியாலேயே அழுத்தித் தேய்த்துக் கலக்குங்க; காற்று வெளியேற வெளியேற நிறம் இறங்கும். நினைத்த சிவப்புக்கு ஒரு படி முன்னாலேயே கையை நிறுத்திட்டு, மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுங்க. விடிந்து பார்த்தால் தானாகவே அடர்ந்திருக்கும். பொறுமை இல்லாதவங்கதான் கலரைக் கொட்டுறாங்க.

விப்பிங் க்ரீமை உருக்கக் கூடாது. அடிக்கிறதுக்கு முன்னால், திரவமாக இருக்கும்போதே ஜெல்லைக் கலந்துட்டு அப்புறம் அடிங்க. அடித்து முடித்த க்ரீமில் கலரைப் போட்டுக் கிண்டினால் திரிதிரியாகிடும்.

சிவப்பிலும் ரகம் இருக்கு. நம் நாட்டில் உணவுக்கு அனுமதித்த செயற்கைச் சிவப்புகளில் பொன்சோ 4ஆர், டப்பாவில் 124 என்று இருக்கும்; அது கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் போகும். கார்மோய்சின், 122, அது நாவல்பழப் பக்கம் சாயும். ரெண்டையும் சேர்த்தால்தான் குங்குமத்துக்கும் மெரூனுக்கும் நடுவில் அழகான நிறம் கிடைக்கும். 127 எரித்ரோசின், செர்ரிப் பழ ரோஸ். அதை வைத்துக்கொண்டு அடர் சிவப்புக்கு மல்லுக்கட்ட வேண்டாம்.

பீட்ரூட்டைப் பத்தியும் கேட்பீங்க. ராணி ரோஸ்தான் வரும், சிவப்பு வராது. சூடு பட்டால் மங்கும், மண் வாசனையும் தெரியும். ஆனால் ஒரு வயசுக் குழந்தையின் பிறந்தநாள் என்றால் நான் அதைத்தான் போடுவேன், ரோஸாகவே இருக்கட்டும்.

இப்போ கணக்குக்கு வர்றேன். செயற்கைக் கலர் ஒரு கிலோ உணவில் 100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். ரெண்டு சிவப்பைச் சேர்த்தாலும் மொத்தமே அவ்வளவுதான். அது சுத்தமான சாயத்தின் அளவு. டப்பாவில் சாயம் எத்தனை சதவீதம் என்று பாருங்க. 10 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு கிலோ க்ரீமுக்கு ஒரு கிராம் ஜெல், அதோடு சரி. கண் அளவு இதுக்கு உதவாது. நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று குழுக் காசில் வாங்கிடுங்க. குச்சியால் தொட்டுப் போடுறோம், எவ்வளவு ஆகிடப் போகுது என்று சொல்ற கை ஒவ்வொரு குழுவிலும் ஒன்று இருக்கும்.

போன வருஷம் ஒரு வீட்டில் ரெண்டு கிலோ கேக், மேலேயும் பக்கமும் முழுக்க ரத்தச் சிவப்பு வேணும் என்று கேட்டாங்க. அந்த அழுத்தம் வர்ற வரைக்கும் போட்டால் கணக்கு தாண்டிடும். வெள்ளைக் கேக்கில் ஓரத்துக்கும் ரோஜாப் பூவுக்கும் மட்டும் சிவப்பு வைத்துத் தர்றேன் என்றேன். அவங்க ஒத்துக்கலை, ஆர்டர் வேறு கைக்குப் போயிடுச்சு. 1,800 ரூபாய். அந்த மாசம் கடன் தவணைக்கு ஆளுக்குக் கொஞ்சம் கைக்காசு போட்டுத்தான் கட்டினோம். "கேட்கிறதைக் கொடுத்தா என்னக்கா? சாப்பிடப் போறது அவங்கதானே" என்று குழுவிலேயே ஒரு தங்கச்சி கேட்டுச்சு. சாப்பிடப் போறது அவங்க வீட்டுப் பிள்ளைங்க, டப்பாவில் ஒட்டியிருக்கிறது நம் குழுப் பேரு என்றேன். அவளுக்கு இன்னும் முழுசா மனசு ஆறலை. அதுவும் நியாயம்தான், தவணை கட்டினது அவளும்தானே.

2024 பிப்ரவரியில் ரோடமைன்-பி கலந்த பஞ்சு மிட்டாயை நம் அரசு தடை செய்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அது துணிக்கும் காகிதத்துக்கும் போடுற சாயம். பேர் இல்லாத பொட்டலத்தில் மலிவாக ஒரு பொடி கிடைக்குது, ஒரு சிட்டிகை போட்டால் பளீரென்று நிறம் வருது என்று யாராவது சொன்னால், அதை உங்க சமையல் கட்டுக்குள்ளேயே விடாதீங்க. லேபிளில் உணவுப் பாதுகாப்பு உரிம எண், கலரின் எண், சாயச் சதவீதம், தயாரித்த தேதி, நாலும் இருக்கணும். நீங்க விற்கிற கேக் டப்பாவிலும் செயற்கைக் கலர் சேர்த்திருக்கு என்று எழுதுங்க.

ஒன்று விட்டுப்போச்சு. சிவப்புப் பூவை வெள்ளை க்ரீம் மேல் முந்தின நாளே வைக்காதீங்க. ஃபிரிட்ஜில் இருந்து வெளியே எடுத்ததும் வேர்த்து, சிவப்பு வழிந்து வெள்ளையில் கோடு கோடாக இறங்கும். கொடுக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தால் போதும்.

நாலு கிண்ணத்தில் க்ரீம் கலந்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். வெறும் வெள்ளையில் கலந்தது, கோகோவில் கலந்தது, நேற்று ராத்திரி கலந்து வைத்தது, பீட்ரூட். தராசும் அங்கேயே இருக்கு. சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னால் எட்டிப் பாருங்க, சந்தேகம் இருந்தால் அங்கேயே கேளுங்க.