ராஜுலாவில் போனவர்களின் பெயர்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

தெருவிளக்கு, வாறுகால் பேச்சு முடிந்துவிட்டது. மீதி நேரத்தில் கப்பலைப் பற்றிச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் அக்டோபர் 9-ஐ லீஃப் எரிக்சன் நாளாக அனுசரிக்கிறார்கள். கொலம்பஸுக்குச் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பே வட அமெரிக்காவுக்குப் போன வடஐரோப்பியக் கடலோடி அவர். ஆனால் அது அவர் கரையிறங்கிய தேதி அல்ல. 1825-ல் அதே நாளில் நார்வேயிலிருந்து 'ரெஸ்டவுரேஷன்' என்ற சிறிய பாய்மரக் கப்பல் நியூயார்க் வந்து சேர்ந்தது. ஸ்டாவாங்கரில் புறப்பட்டது 52 பேர். நடுக்கடலில் ஒரு பெண் குழந்தை பிறந்ததால் இறங்கியது 53 பேர். இத்தனை சிறிய கப்பலில் இவ்வளவு பேரா என்று அதிகாரிகள் கப்பலையே பிடித்து வைத்தார்கள். அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் மன்னித்த பிறகே விட்டார்கள். நாளின் பெயர் மாலுமியுடையது, தேதி பிழைக்கப் போன குடும்பங்களுடையது. எனக்கு அது பிடித்திருந்தது.

நம் ஊர்க் கதையும் அதுதானே? தறி சோறு போடாத காலத்தில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். 1926-ல் கட்டிய 'ராஜுலா' கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அறை எடுக்க வசதியில்லாதவர்களுக்கு டெக் டிக்கெட். பாயை விரித்தால் அதுதான் வீடு. பிறகு வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது, உயிர்களும் போயின. அத்தோடு அந்தக் கப்பல் பயணம் முடிந்தது.

மற்ற பல ஊர்களிலிருந்து ஆண்கள் மட்டுமே போனார்கள். கடையநல்லூர்க்காரர்களும் தென்காசிக்காரர்களும் மனைவி மக்களையும் கூட்டிப் போனார்கள். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் நம் பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவானது. 1946-ல் அவர்கள் தொடங்கியது உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி. சம்பாதிக்கப் போன இடத்தில் தமிழுக்குப் பள்ளி! அது 1982-ல் மூடப்பட்டாலும் அந்தப் பெயரில் அங்கே தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. மேக்ஸ்வெல் உணவங்காடிக்கு முகவரியே கடையநல்லூர் ஸ்ட்ரீட். அங்கே சாப்பிட வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு நம் ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியுமோ!

தெருவுக்குப் பெயர் இருக்கிறது. போனவர்களின் பெயர்கள்?

டென்மார்க்காரர்கள் 1620-ல் தரங்கம்பாடிக்கு வந்தபோது, தஞ்சை ரகுநாத நாயக்கர் அவர்கள் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் ஒரு கடிதம் அனுப்பினார். அது இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. தங்கம், அதனால் காத்தார்கள் என்று சொல்லலாம். நம் வீட்டில் இருப்பது காகிதம். வீட்டை இடித்துக் கட்டும்போது டிரங்குப் பெட்டியோடு பாஸ்போர்ட்டும் கடிதமும் காயலான் கடைக்குப் போய்விடுகின்றன. அம்மியில் அரைத்த பாட்டிமார்களின் பெயர்கள் எந்தக் காகிதத்திலும் இல்லாமலும் போயிருக்கலாம். அவர்களைப் பார்த்த பிள்ளைகளுக்கே இப்போது எண்பது வயது.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பழைய பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், மணியார்டர் ரசீது, போட்டோ எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். நம் பிள்ளைகள் அங்கேயே கைப்பேசியில் படம் எடுத்துத் தருவார்கள். அசலை அப்போதே திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் எதையும் இதழில் போட மாட்டோம். காகிதம் இல்லாதவர்கள் வீட்டுப் பெரியவரை அழைத்து வாருங்கள். நடக்க முடியாதவர் என்றால் தகவல் சொல்லுங்கள், நாங்களே வீட்டுக்கு வருகிறோம். போன வருடம், கப்பல் பெயர், கூடப் போனவர்கள் பெயர், இந்த மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்வோம். பெண்களின் பெயரை 'இன்னாருடைய மனைவி' என்று எழுதாமல், அவர்கள் பெயராகவே எழுதுவோம்.