பூஸ்ட் கன்ட்ரோலர்: மேனுவலா, எலக்ட்ரானிக்கா?

இந்த எபிசோடுக்கான கேள்வி சங்கரன்கோவில்ல இருந்து வந்திருக்கு. நண்பர் ஒருத்தர் 2014 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கார். "மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலர் ஆன்லைன்ல மலிவா கிடைக்குது, எலக்ட்ரானிக் விலை அதிகம். எதை வாங்கலாம்?" இதுதான் கேள்வி. கூடவே ஒரு வரி எழுதியிருக்கார்: வீட்ல இருக்கிற ஒரே வண்டி அது, அம்மாவை மாசா மாசம் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதும் அதுலதான். அந்த வரியை மனசுல வச்சுட்டுதான் பதில் சொல்றேன்.

முதல்ல அடிப்படை. எக்ஸாஸ்ட் வாயு டர்பைனைச் சுத்துது. அதே தண்டோட மறுமுனையில இருக்கிற கம்ப்ரஸர் காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள அனுப்புது. அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். அது அளவு மீறாம இருக்க வேஸ்ட்கேட்னு ஒரு கதவு இருக்கு. கதவு திறந்தா, எக்ஸாஸ்ட் வாயு டர்பைனைத் தொடாம வெளியே போயிடும். பழைய டர்போ கார்கள்ல இந்தக் கதவைத் திறக்கிறது ஸ்பிரிங் வச்ச ஒரு ஆக்சுவேட்டர். கம்ப்ரஸர்ல இருந்து சின்ன ஹோஸ் வழியா வர்ற அழுத்தம் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளும்.

மேனுவல் கன்ட்ரோலர் அந்த ஹோஸுக்கு நடுவுல உட்காரும். வர்ற அழுத்தத்துல ஒரு பங்கைக் கசிய விடும், இல்லைன்னா ஒரு குண்டும் ஸ்பிரிங்கும் வச்சுத் தடுக்கும். "இன்னும் பூஸ்ட் வரலை"னு ஆக்சுவேட்டர் நம்பி, கதவை மூடியே வச்சிருக்கும். எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் அதே வேலையை சோலினாய்டு வால்வால செய்யும். ஆனா சென்சார்ல நிஜ பூஸ்டை அளந்து, இலக்கோட ஒப்பிட்டுத் திருத்திக்கிட்டே இருக்கும்.

இப்போ நண்பரோட காருக்கு வருவோம். அந்த 1.2 லிட்டர் டிஎஸ்ஐ இன்ஜின்ல வேஸ்ட்கேட்டை நகர்த்துறது ஒரு எலக்ட்ரிக் மோட்டார். ஹோஸே கிடையாது. மேனுவல் கன்ட்ரோலரை மாட்ட இடமே இல்லை. அந்த மோட்டாருக்கு உத்தரவு போடுறது இசியூ. அதாவது, நீங்க தேடுற எலக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலர் ஃபேக்டரியிலேயே மாட்டியாச்சு.

சரி, ஹோஸ் இருக்கிற புது கார்னா? கோட் எழுதுறவங்களுக்கு உடனே புரியும்: ஒரே வேரியபிள்ல ரெண்டு த்ரெட் எழுதினா என்ன ஆகும்? இசியூ 0.7 பார் கேக்கும், வெளியில மாட்டின கன்ட்ரோலர் 1 பார் கொடுக்கும். இசியூ த்ராட்டிலை மூடும், இல்லைன்னா லிம்ப் மோடுக்குப் போயிடும். அம்மா பக்கத்துல இருக்கும்போது வண்டி நடுரோட்ல அப்படி இழுத்துப் பிடிச்சா எப்படி இருக்கும்?

இசியூ ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்குது? 40 டிகிரி வெயில்ல காத்து உள்ளே போகுதுன்னு வைங்க. 70 சதவீதத் திறன் உள்ள கம்ப்ரஸர் 0.7 பார் பூஸ்ட் கொடுத்தா, இன்டர்கூலருக்கு வர்றதுக்கு முன்னாடி காத்தோட வெப்பம் 110 டிகிரியைத் தாண்டும். 1 பார்னா 135ஐத் தாண்டும். காத்து சூடாக ஆக நாக்கிங் ஆபத்து கூடும். ஸ்பார்க் பத்தவச்ச தீ போய்ச் சேர்றதுக்குள்ள மிச்சக் கலவை தானா வெடிக்கிறதுதான் நாக்கிங். பலமா அடிச்சா பிஸ்டனே உடையும்.

இசியூவுக்கு நாக் சென்சார்னு ஒரு காது இருக்கு. சத்தம் கேட்டதும் ஸ்பார்க்கைத் தள்ளிப் போடும், பூஸ்டைக் குறைக்கும். 1980களோட தொடக்கத்துலயே ஸ்வீடனோட சாப் கம்பெனி, ஏபிசிங்கிற பேர்ல நாக்கிங்கைக் கேட்டு பூஸ்டைக் குறைக்கிற அமைப்பைக் கொண்டு வந்தாங்க. பெட்ரோல் தரம் மாறினாலும் இன்ஜின் பிழைக்கணும்ல? மேனுவல் கன்ட்ரோலருக்கு அந்தக் காது கிடையாது. மே மாச மத்தியானத்துக்கும் மார்கழி விடியக்காலைக்கும் ஒரே செட்டிங்தான்.

அப்போ என்ன செய்யலாம்? முதல்ல ஓபிடி ஸ்கேனர் வச்சு, இசியூ கேக்குற பூஸ்டையும் நிஜமா வர்ற பூஸ்டையும் லாக் பண்ணுங்க. ரெண்டும் ஒத்துப் போகலைன்னா காத்துக் கசிவு, பழைய ஸ்பார்க் பிளக், இறுகிப்போன வேஸ்ட்கேட் இதையெல்லாம் பாருங்க. செகண்ட் ஹேண்ட் வண்டியில தொலைஞ்ச பவர் பல நேரம் இங்கேயே கிடைச்சுடும்.

அதுக்கும் மேல வேணும்னா, வழி இசியூ ரீமேப். ட்யூனர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதுறீங்க, அது எங்க ஊர் பங்க்ல வருஷம் முழுக்கக் கிடைக்குமா? ஸ்பார்க் எவ்வளவு தள்ளிப் போகுதுன்னு லாக் காட்டுவீங்களா? பழைய ஃபைலைத் திருப்பிக் கொடுப்பீங்களா? இந்தக் காரோட ஸ்டாக் டார்க் 175 நியூட்டன் மீட்டர், ஏழு கியர் டிஎஸ்ஜி பாக்ஸோட வரம்பு 250. அந்த வரம்பு புது கிளட்ச்சுக்கு, ஓடித் தேஞ்ச கிளட்ச்சுக்கு இல்லை. ரீமேப் பண்ணினா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்துல சொல்லிடுங்க.

தனி பூஸ்ட் கன்ட்ரோலர் யாருக்குன்னா, ஹோஸ் வச்ச வேஸ்ட்கேட்டும் ட்யூன் பண்ணக்கூடிய தனி இசியூவும் வச்சு, கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே மாதிரி டிராக்குக்குன்னே வண்டி கட்டுறவங்களுக்கு. அங்கேயும் என் ஓட்டு எலக்ட்ரானிக்குக்குத்தான்.

நண்பரே, உங்களுக்கு என் பதில்: ரெண்டும் வேண்டாம். அந்தக் காசுல ஸ்கேனர் வாங்குங்க, பிளக் மாத்துங்க. லாக் கையில வந்ததும் அனுப்புங்க, சேர்ந்தே பார்ப்போம். அடுத்த எபிசோடுல சந்திப்போம் மக்களே.