பைலட் படிப்பும் பத்திரம் வைத்த கடனும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் கோடை விடுமுறைக் கூட்டத்தில் பேசியது. விட்டுப்போன சில கணக்குகளைச் சேர்த்திருக்கிறேன்.)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, "பைலட் ஆவது எப்படி என்று ஒரு அரைமணி நேரம் சொல்லுங்கள் சார்" என்றார். நான் விமானம் ஓட்டியவன் அல்ல. பி.காம். படித்துவிட்டு பேங்கில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் கடன் பிரிவு. அதனால் என் பேச்சில் ஆகாயம் கொஞ்சமாகவும் அடங்கல், வில்லங்கம், வட்டி எல்லாம் அதிகமாகவும் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் அடுக்ககத்தில் இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளில் மூன்று பேர் பைலட் படிப்பு பற்றி என்னிடம் கேட்டுவிட்டார்கள். மூன்று பேரும் மனசில் வைத்திருப்பது பெரிய ஜெட். துபாய், லண்டன். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின படியைப் பற்றி. வாகைக்குளத்தில் வந்து இறங்குமே, இறக்கையில் இரண்டு விசிறி சுற்றிக்கொண்டு, அந்த ஏ.டி.ஆர் விமானத்தைப் பற்றி.

நமக்குத் திருவனந்தபுரம் பக்கம் என்பதால் நிறையப் பேர் அதில் ஏறியிருக்க மாட்டீர்கள். தூத்துக்குடி வாகைக்குளம் ஓடுபாதை பல வருஷமாகச் சுமார் 1,350 மீட்டர்தான். அதில் ஏர்பஸ், போயிங் இறங்க முடியாது. ஏ.டி.ஆர் இறங்கும். அதனால்தான் சென்னையிலிருந்து அங்கே விசிறி விமானமாகவே வந்துகொண்டிருந்தது. இப்போது பாதையை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்துவிட்டார்கள். ஆனால் சேலம், யாழ்ப்பாணம் என்று சின்ன ஊர்களை இணைத்ததெல்லாம் இந்த ரக விமானம்தான். 'சூரரைப் போற்று' பார்த்திருப்பீர்கள். அந்தக் கதைக்கு மூலமான கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் 2003-ல் முதலில் பறக்கவிட்டதும் இதன் சின்ன அண்ணனான ஏ.டி.ஆர் 42-தான். 2017 ஏப்ரலில் உடான் திட்டத்தின் முதல் விமானம் சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் போனதே, அதுவும் ஏ.டி.ஆர்தான்.

விசிறி என்றதும் பழைய காலத்து வண்டி என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருப்பது ஜெட் என்ஜின் வகைதான். அதன் சக்தி பின்னால் காற்றாகப் போகாமல் விசிறியைச் சுற்றுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எழுபது, எழுபத்தெட்டு பேர் போகலாம். வேகம் மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் சுமார். எண்ணெய்ச் செலவு குறைவு.

ஆனால் ஓட்டுகிறவருக்கு வேலை அதிகம். பெரிய ஜெட் முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேலே போய் மேகத்தைக் கீழே விட்டுவிடும். இது இருபத்தைந்தாயிரம் அடிக்கு மேல் போகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மேகங்களுக்கு நடுவே வழி பார்த்துத்தான் போக வேண்டும். பயணம் ஒரு மணி, ஒன்றரை மணி என்பதால் ஒரே நாளில் நாலு தடவை ஏற்றி இறக்க வேண்டி வரும். துபாய் போகிற பைலட் ஒரு நாளில் ஒரு தடவை இறக்குவார். கை பழகுவது எதில் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இதில் தொடங்குவது குறைச்சல் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு ஒரு பழைய விஷயம். 1985 நவம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸில் முழுக்கப் பெண்களே இயக்கிய விமானம் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்குப் பறந்தது. கேப்டன் சௌதாமினி தேஷ்முக், துணை விமானி நிவேதிதா பாசின். அது ஃபாக்கர் ஃப்ரெண்ட்ஷிப், இதே மாதிரி விசிறி விமானம். அந்த நிவேதிதா பாசின் 1990 ஜனவரி 1 அன்று, 26 வயதில், போயிங் 737-ன் கேப்டனாக உட்கார்ந்தார்.

சரி, படிப்புக்கு வருவோம். பன்னிரண்டில் இயற்பியலும் கணக்கும் வேண்டும். என்னைப்போல வணிகவியல் பிரிவு எடுத்தவர்கள் அந்த இரண்டு பாடத்தைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதித் தேறி வந்திருக்கிறார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், சேருமுன் டிஜிசிஏ இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வணிக விமானி உரிமத்துக்கு வயது 18, பறந்த நேரம் 200 மணி. அதில் 100 மணி தானே பொறுப்பாளராக ஓட்டியிருக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் 70 மார்க். வழி கண்டுபிடிப்பது, வானிலை, விதிமுறை, விமானத் தொழில்நுட்பம் என்று பாடங்கள். ரேடியோவில் பேசுவதற்குத் தனி உரிமம்.

இதற்கெல்லாம் முன்னால் மருத்துவப் பரிசோதனை. முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்பு. கண்ணாடி போட்டால் தள்ளிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம், கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறக்குருடு இருந்தால்தான் சிக்கல். பள்ளிக்கு ஒரு ரூபாய் கட்டுமுன் இந்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். முன்பணம் கட்டிவிட்டு அப்புறம் டாக்டரிடம் போன குடும்பத்தை நான் கவுண்டரில் பார்த்திருக்கிறேன்.

இனி என் இலாகா. உரிமம் வாங்கும்வரை இன்றைக்கு ஐம்பது லட்சம் சுமார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு முடியவில்லை. ஏ.டி.ஆர் ஓட்ட அந்த ரகத்துக்கென்று தனிப் பயிற்சி, டைப் ரேட்டிங் என்பார்கள், அதுவும் லட்சக்கணக்கில். சில நிறுவனங்கள் தாங்களே கொடுத்துவிட்டு இத்தனை வருஷம் போகக்கூடாது என்று பாண்ட் எழுதி வாங்கும். சில நம்மிடமே வசூலிக்கும். பிற்பாடு ஏர்பஸ்ஸுக்கு மாறினால் அதற்கு இன்னொரு ரேட்டிங்.

வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் டிஜிசிஏ அங்கீகரித்த பைலட் பயிற்சிக்கு இடம் உண்டு. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். உள்நாட்டுப் படிப்பென்றால் ஐந்து சதவீதம் நம் கைப்பணம். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கிடையாது. தவணை கிடையாது என்றால் வட்டி கிடையாது என்று அர்த்தமில்லை. முப்பத்தாறு வருஷ சர்வீஸில் இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

ஐம்பது லட்சம், பத்து சதவீதம் என்று பேச்சுக்கு வைப்போம். மொத்தப் பணமும் முதலிலேயே போய்விட்டதாகவும் வைப்போம். இரண்டு வருஷப் படிப்பு, ஒரு வருஷ விடுப்பு. மூன்று வருஷ வட்டி 15 லட்சம் ஏறி, கடன் 65 லட்சமாக நிற்கும். 15 வருஷத் தவணை மாதம் ஏறத்தாழ 70,000. படிக்கும்போதே மாதாமாதம் வட்டியைக் கட்டி வந்தால் தவணை 54,000-க்குள் அடங்கும். அப்படிக் கட்டுகிறவர்களுக்கு அந்தக் காலத்துக்கு ஒரு சதவீத வட்டிச் சலுகையும் திட்டத்தில் உண்டு, கேட்டால்தான் தெரியும். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு எட்டு வருஷம் வட்டிக்கு விலக்கு.

இவ்வளவு தெரிந்த நான் என் சொந்தத் தங்கச்சி வீட்டில் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

தங்கச்சிக்குக் குலசேகரம் பக்கம் இரண்டு ஏக்கர் ரப்பர். மகளுக்குச் சின்ன வயசிலிருந்தே விமானப் பித்து. 2016-ல் வெளிமாநிலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. ரப்பர் தோட்டத்தை ஈடு வைத்துக் கடன். ஜாமீன் கையெழுத்துக்கு என்னிடம் வந்தார்கள். நான் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். ரப்பர் விலை அப்போது பாதிக்கு விழுந்து கிடந்தது. "இது தாங்காது, பேசாமல் பி.காம். சேர்த்து பேங்க் பரீட்சை எழுத வை" என்றேன். தங்கச்சி எழுந்து நின்று, "அண்ணே, ஒனக்குப் பொம்பளப் பிள்ளை இருந்தா இப்பிடிச் சொல்லுவியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். கையெழுத்து மைத்துனரின் அண்ணன் போட்டார். இரண்டு வருஷம் என் வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை.

என் கணக்கு தப்பவில்லை, அதுதான் கொடுமை. பள்ளியில் பிள்ளைகள் அதிகம், பறக்கிற நிலையில் விமானம் குறைவு. மழை வந்தால் பறக்க முடியாது, பயிற்றுநர் வேலையை விட்டுப் போனால் பறக்க முடியாது. மாதம் பத்து மணி நேரம்கூடக் கிடைக்காத மாதங்கள் இருந்தன. இரண்டு வருஷம் என்று கடன் பத்திரத்தில் எழுதியது மூன்றரை வருஷம் ஆயிற்று. உரிமம் கையில் வருமுன்னே, 2019 நடுவில், தவணை தொடங்கிவிட்டது. தங்கச்சி வளையலிலிருந்து ஆரம்பித்தாள்.

உரிமம் வந்தது 2019 கடைசியில். 2020 மார்ச் 25-ல் நாட்டில் உள்நாட்டு விமானமே நின்றது, இரண்டு மாதம். அதற்கப்புறமும் யார் புதுப் பைலட்டை எடுப்பார்கள்? ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் மருமகள் திங்கள்சந்தையில் சித்தப்பா கடையில் ஜி.எஸ்.டி கணக்கு எழுதினாள். விமான உரிமம் வைத்திருப்பவள் ஜவுளி பில் அடிக்கிறாள் என்று ஊரில் நாலு பேர் பேசினார்கள். பறக்காவிட்டாலும் மருத்துவச் சான்றையும் கருவிப் பறத்தல் தகுதியையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பணம்.

அந்தச் சமயத்தில்தான் நான் போனேன். ஓய்வுப் பணத்தில் கொஞ்சம் எடுத்துப் பழைய பாக்கித் தவணையை நேராக்கினேன். கடன் வாராக்கணக்கில் போய்விட்டால் தோட்டத்துக்கு நோட்டீஸ் வரும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை, சோறு போட்டாள். ஜாமீன் போட மறுத்தது சரி என்று இப்போதும் நினைக்கிறேன். அன்றைக்கு அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, எத்தனை விமானம், எத்தனை மாணவர், மாதம் எத்தனை மணி என்று அந்தப் பள்ளியில் விசாரிக்கச் சொல்லியிருக்கலாம். என்னால் முடிந்த காரியம் அது. நான் செய்யவில்லை.

2022 கடைசியில் ஏ.டி.ஆர் ஓட்டும் ஒரு நிறுவனத்தில் தேர்வானாள். எழுத்துத் தேர்வு, மனநிலைத் தேர்வு, சிமுலேட்டர் எல்லாம் தாண்டி, பயிற்சி முடித்துத் துணை விமானி. வருஷத்துக்கு ஆயிரம் மணிக்கு மேல் பறக்கக்கூடாது என்பது விதி. கேப்டன் ஆக வேண்டிய ஏ.டி.பி.எல் உரிமத்துக்கு 1,500 மணி வேண்டும். அதைத் தாண்டிவிட்டாள், கேப்டன் பயிற்சிக்குக் காத்திருக்கிறாள். அதிகாலை மூன்று மணிக்கு வண்டி வரும், தீபாவளிக்கு வீட்டில் இருந்ததில்லை. போன மாதம் போனில், "மாமா, இன்னைக்கு நாலு லேண்டிங், ரெண்டு மழையில" என்றாள். கடனில் முக்கால்வாசி முடிந்தது. தோட்டத்துப் பத்திரம் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது.

ஆகவே பள்ளி பார்க்கப் போகிறவர்கள் கட்டடத்தையும் சீருடையையும் பார்க்க வேண்டாம். விமானம் நிறுத்தும் கொட்டகைக்குப் போங்கள். பறக்கிற நிலையில் எத்தனை, பிரித்துப் போட்டது எத்தனை என்று எண்ணுங்கள். அங்கே படிக்கிற பிள்ளையிடம் போன மாதப் பறத்தல் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். பணத்தை ஒரே தடவையில் கட்டச் சொன்னால் யோசியுங்கள், பறந்த மணிக்கேற்பத் தவணையாகக் கட்டுவதுபோல் எழுதி வாங்குங்கள். அப்படிக் கட்டினால் வங்கியும் அப்படித்தான் விடுவிக்கும், வட்டியும் குறையும். 2025-லிருந்து டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை போடுகிறது, அதையும் பாருங்கள். அரசுப் பள்ளி வேண்டுமென்றால் உத்தரப்பிரதேசத்தில் ரேபரேலி பக்கம் ஃபர்சத்கஞ்சில் இந்திரா காந்தி பேரில் அகாடமி இருக்கிறது, நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பக்கத்தில் திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி பேரில் கேரள அரசு அகாடமி.

படிப்பு எத்தனை வருஷம் என்று பள்ளி சொல்கிறதோ அதோடு ஒரு வருஷம் கூட்டிக் கடன் மனுவில் எழுதச் சொல்லுங்கள். வேலை கிடைக்க இன்னும் ஒரு வருஷம் ஆகலாம் என்று அதற்கும் தவணைப் பணம் தனியாக எடுத்து வையுங்கள். இருக்கிற ஒரே வீட்டை ஈடு வைக்கிறவர்கள் மட்டும் கையெழுத்துக்கு முன்னால் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் இருப்பேன். பள்ளி கொடுத்த கட்டண விவரமும் வில்லங்கச் சான்றும் கொண்டு வாருங்கள். கால்குலேட்டர் என்னிடம் இருக்கிறது. பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.