முத்திரை விழுந்த தாள்கள்



பிரேசிலின் ஆயிரம் குருசாடோ நோட்டு ஒன்று இந்த மேசைமேல் இருக்கிறது. நாவலாசிரியர் மஷாடு டி அசிஸ் தாடியும் மூக்குக்கண்ணாடியுமாக அதில் வீற்றிருக்கிறார். நல்ல அச்சு, நல்ல தாள். ஆனால் மேலே ஒரு முக்கோணம் வந்து விழுந்திருக்கிறது. இனி இது ஆயிரம் அல்ல, ஒரு குருசாடோ நோவோ என்கிறது அந்த முக்கோணம். 1987இல் புழக்கத்துக்கு வந்த நோட்டுக்கு 1989இல் நேர்ந்த கதி இது.

தென் அமெரிக்கப் பழைய பணத்தாள்களைப் பற்றிய கருத்தரங்கு இந்த நோட்டில் தொடங்குவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சேகரிப்பாளர்களின் ஆல்பங்களில் முதல் பக்கம் வழக்கமாக வேறு நோட்டுகளுக்குத்தான் போகும். 1858இல் நியூயார்க்கில் ஏழு அச்சகங்கள் ஒன்றுசேர்ந்து உருவான அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனியின் நோட்டுகள் அவை. பெரு, பொலிவியா, கொலம்பியா, ஈக்குவடார் என்று தெற்கில் பல நாடுகளுக்கு அந்த அச்சகம் நோட்டு அடித்துக் கொடுத்தது. லண்டனின் வாட்டர்லோ போன்றவை அதற்குப் போட்டி. எஃகுத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அடித்த அந்தத் தாளைத் தொட்டால் மையின் மேடு விரலில் தட்டும். ரயில் வண்டி, கால்நடை, இறகு முளைத்த தெய்வம் எல்லாம் அச்சகத்தின் கையிருப்பில் இருந்த தகடுகள். ஒரே மங்கை இரண்டு மூன்று நாட்டு நோட்டுகளில் சிரிப்பாள். தேசியச் சின்னம் என்று அதில் பெருமைப்பட அதிகம் இல்லை.

1990இல் அந்தக் கம்பெனியின் ஆவணக் கிடங்கு நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தது. மாதிரி என்று சிவப்பில் குறித்து, கையொப்ப இடத்தில் துளையிட்ட நோட்டுகள் சந்தைக்குள் இறங்கின. பார்க்கப் பார்க்க அழகு. ஆனால் அவற்றில் ஒன்றுகூட ஒரு ரொட்டி வாங்கியதில்லை.

ரொட்டி வாங்கிய தாளுக்கு வருவோம். பொலிவியாவின் 1911 மே 11 தேதியிட்ட ஒரு பொலிவியானோ நோட்டு எளிதில் கிடைப்பது. அதை வெளியிட்டது தேச வங்கி. 1927இல் பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வின் கெம்மரர் தம் குழுவோடு அங்கே போய் மத்திய வங்கி அமைக்கச் சொன்னார். கொலம்பியா, சிலி, ஈக்குவடார் எல்லாவற்றுக்கும் அவர் இதே மருந்தைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். 1929இல் புது வங்கி வந்தது. புது நோட்டு அடிக்கும்வரை காத்திருக்க முடியுமா? பழைய நோட்டின்மேலேயே மத்திய வங்கியின் பெயரை அடித்து விட்டுவிட்டார்கள். மேலச்சு இல்லாததும் இருப்பதும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒரு நாட்டின் நிதிச் சீர்திருத்தம் உள்ளங்கையில் அடங்கும்.

அதே நாட்டில் 1980களில் விலைவாசி வெறிபிடித்து ஓடியபோது மத்திய வங்கி காசோலை வடிவில், அப்போதைய நாணயமான பெசோவில் ஒரு கோடி வரை தாள்களை வெளியிட்டது. 1987 ஜனவரியில் பத்து லட்சம் பெசோ ஒரு பொலிவியானோ ஆனது. அந்தத் தாள்கள் வீணாகவில்லை, மறுபடி மேலச்சு ஏறியது. பத்தாயிரம் பெசோ என்று எழுதிய தாளில் ஒரு சென்டாவோ. ஒரு கோடி என்று எழுதிய தாளில் பத்து பொலிவியானோ.

பிரேசிலில் இந்த வேலை இன்னும் முறையாக நடந்தது. 1986இல் வட்ட முத்திரை, 1989இல் முக்கோணம், 1990இல் செவ்வகம், 1993இல் மறுபடி வட்டம். கவிஞர் கார்லோஸ் டுருமோன்ட் டி அந்திராடியின் படத்தை முன்பக்கத்திலும் கவிதையைப் பின்பக்கத்திலும் தாங்கிய ஐம்பது குருசாடோ நோவோ நோட்டுக்கும் செவ்வகம் தப்பவில்லை. மதிப்பு மாறவில்லை, பெயர் மட்டும் குருசேரோ ஆனது. 1994 ஜூலை முதல் தேதி ரியால் வந்தபோது, அதுவரை புழங்கிய குருசேரோ ரியால் 2,750 கொடுத்தால் ஒரு ரியால். அதற்கு முத்திரை போட முடியாது, கணக்கு அப்படி.

இப்போது ஒரு சச்சரவு. 2001இல் அர்ஜென்டினாவின் பொருளாதாரம் முடங்கியபோது புவேனஸ் அய்ரஸ் மாகாண அரசு ஊழியர்களுக்குப் பட்டக்கோன் என்ற தாளைச் சம்பளமாகக் கொடுத்தது. சட்டப்படி அது ஏழு சதவீத வட்டி தரும் கடன் பத்திரம். மக்கள் கைக்குக் கை மாற்றினார்கள். மெக்டொனால்ட்ஸ் கடைகள் அதற்கென்று பட்டகாம்போ என்ற உணவுத் தொகுப்பையே விற்றன. சாக்கோ மாகாணத்துக்கு கெப்ராச்சோ, கோர்டோபாவுக்கு லெகோர். இவை பணமா, பத்திரமா என்று பட்டியல் தயாரிப்பவர்கள் தலையைச் சொறியட்டும். பர்கர் கொடுத்த கடைக்காரருக்கு அந்தக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. பணத்தாள் ஆல்பத்தில் அவற்றுக்கு இடம் உண்டு என்பதே இந்தக் கருத்தரங்குத் தலைமையின் தரப்பு.

வெனிசுவேலா தன் நாணயமான பொலிவாரிலிருந்து 2008, 2018, 2021 என மூன்று தவணையில் பதினான்கு சுழியங்களை வெட்டியது. எல்லைக்கு அப்பால் கொலம்பியாவின் குக்குத்தா நகரில் அகதிகள் செல்லாத பொலிவார் நோட்டுகளை மடித்துக் கோத்துக் கைப்பை செய்து விற்றார்கள். அந்தப் பையைப் பிரித்து நோட்டுகளை நீவித் தேய்த்து வைக்கும் சேகரிப்பாளர் ஒருவர் எங்காவது இருக்கக்கூடும். மடிப்பை நீக்கினால் தரம் கூடும் என்ற நம்பிக்கை இந்தத் துறையில் வெகு ஆழம். கழுவுவதும் அழுத்துவதும் சாட்சியை அழிக்கும் காரியம் என்று எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கடைசியாக, பட்டியலில் எண் இல்லாத ஒரு முத்திரை. 1975 அக்டோபரில் பத்திரிகையாளர் விளாதிமிர் ஹெர்சோக் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ராணுவக் காவலில் இறந்தார். தற்கொலை என்றது அரசு. கலைஞர் சில்டோ மெய்ரெலெஸ் ஒரு குருசேரோ நோட்டுகளில் ரப்பர் முத்திரையால் ஒரு கேள்வியை அடித்துப் புழக்கத்தில் விட்டார்: ஹெர்சோக்கைக் கொன்றது யார்? வைத்திருக்கப் பயம், கிழித்தெறிய மனமில்லை. நோட்டு அடுத்த கைக்குப் போனது. இன்று அப்படியொரு தாள் தரம் பிரிப்பவரிடம் போனால், முன்பக்கத்தில் எழுத்து இருக்கிறது என்று ஒரு படி இறக்கிவிடுவார்.

முதல் அமர்வு பொலிவியாவின் மேலச்சுகளைப் பற்றியது. பூதக்கண்ணாடிகள் பின்வரிசை மேசையில் உள்ளன. நோட்டுகளை உறையிலிருந்து வெளியே எடுக்க வேண்டாம்.