கோதாவின் கரையில் நிற்போர்

(வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் மற்போரைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். கோதாவில் இறங்குவோர் இருவரே. ஆயினும், கரையில் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தும் வெற்றி தோல்வி அமைகிறது. இது கல்விக்கும் பொருந்தும்.

மராட்டிய மாநிலம் சாத்தாரா மாவட்டத்துக் கோளேஷ்வர் என்னும் சிற்றூரில் 1926ஆம் ஆண்டு பிறந்தவர் காசாபா ஜாதவ். மண் கோதாவில் வளர்ந்த அவர், 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாக மெத்தை விரிப்பின்மீது போரிட்டார். ஆறாம் இடம் பெற்றார். 1952இல் ஹெல்சிங்கி செல்லப் போதிய பணமில்லை. அவர் பயின்ற கோலாப்பூர் இராசாராம் கல்லூரியின் முதல்வர் கர்டிகர், தம் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஜாதவ் வெண்கலப் பதக்கத்துடன் திரும்பினார். விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனியொருவர் வென்று தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அடுத்தது கிடைக்க 44 ஆண்டுகள் ஆயின. ஊர் திரும்பியவர் மற்போர்ப் போட்டிகள் நடத்திப் பொருளீட்டி, ஆசிரியரின் கடனைத் தீர்த்தார்.

அதே ஹெல்சிங்கியில் மற்றொன்றும் நிகழ்ந்தது. கடும்போர் ஒன்று முடிந்தவுடனேயே அடுத்த போருக்கு அவரை அழைத்தனர். இடையில் அரைமணி நேர ஓய்வு தரவேண்டும் என்பது விதி. அதை எடுத்துரைக்க இந்திய அதிகாரி ஒருவரும் அங்கில்லை. களைத்த உடலோடு இறங்கித் தோற்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். வலிமையும் பயிற்சியும் இருந்தன. விதியறிந்து வாதாட ஓர் ஆள் இல்லை.

1955இல் காவல்துறையில் சேர்ந்த ஜாதவ், விளையாட்டுப் பயிற்றுநராகவும் பணியாற்றி, உதவி ஆணையராக ஓய்வு பெற்றார். 1984இல் சாலை விபத்தில் மறைந்தார். அர்ஜுனா விருது அவர் மறைவுக்குப் பின்னரே வந்தது.

அரியானாவின் உதய் சந்த் இராணுவத்தில் பணிபுரிந்த மல்லர். 1961இல் யோகோகாமா நகரில் உலகப் போட்டியில் வெண்கலம் வென்றார். 1970இல் எடின்பரோ காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். அவ்வாண்டே ஹிசார் வேளாண் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக அமர்ந்து, 1996 வரை இளைஞர்களைப் பழக்கினார். பதக்கங்கள் வென்ற ஆண்டுகளைக் காட்டிலும் அவர் கரையில் நின்ற ஆண்டுகளே மிகுதி.

பெரியோர்களே! மாமல்லன் என்பதைப் பல்லவ மன்னன் பட்டமாகச் சூடிக்கொண்டான். பாகூர் ஏரிப் பாசன வயல்களில் தலைமுறை தலைமுறையாகக் குனிந்து நிமிர்ந்த நம்மவர் வலிமைக்குப் பட்டமேதும் கிடைத்ததில்லை. உடல் உரம் மிக்கவனுக்கு அறிவு குறைவு என்னும் பழிச்சொல்லே கிடைத்தது. ஆகவே, நம் ஊர்களின் சிலம்ப வாத்தியாரையும் சடுகுடு வீரரையும் ஆசிரியராகவே மதிப்போம். தகுதியுடைய இளைஞரைப் பாட்டியாலா தேசிய விளையாட்டுக் கழகப் பயிற்சிக்கும் நடுவர் தேர்வுக்கும் அனுப்புவோம்.

சாதிச் சான்றிதழுக்கும் கல்வி உதவித்தொகைக்கும் அலுவலக வாயிலில் நிற்கும் முதல் தலைமுறைப் பிள்ளையும் கோதாவில் நிற்பவனே. "இது உன் உரிமை, இதற்கு இத்தனை நாள் தவணை உண்டு, அஞ்சாமல் கேள்" என்று சொல்ல அருகில் ஒருவர் வேண்டும். இச்சங்கத்தால் படித்துப் பதவி பெற்றோர் திங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் தம் சேரிக்கு வந்து அப்பணியைச் செய்ய வேண்டுகிறேன்.

1942இல் நாகபுரி மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் வழங்கிய மூன்று கட்டளைகளில் முதலாவதை நாம் தமிழில் "கற்பி" என்று வழங்குகிறோம். கற்றவர் தாம் கற்றதோடு நின்றுவிடலாகாது என்பதை அச்சொல்லே உணர்த்துகிறது. பொன்விழாவுக்குள் நம் ஒவ்வொரு சிற்றூரிலும் அத்தகைய ஒருவரேனும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.