திரையிலே தீட்டிய காடு

நாடக மேடையிலே காடு வேண்டுமென்றால் எங்களுக்குக் கவலை இல்லை. ஓவியன் தீட்டிய திரையொன்றை அவிழ்த்துவிட்டால் போதும், காடு வந்துவிடும்! மரம் உண்டு, மான் உண்டு, மலை உண்டு. நிழல் மட்டும் இல்லை. காட்சி முடிந்ததும் சுருட்டிப் பெட்டியிலே வைத்துவிடுவோம். அந்தத் திரையை நினைவிலே நிறுத்திக்கொண்டு என்னோடு நெய்வேலிக்கு வாருங்கள்.

1930-களிலே ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்புப் பொருளும் வந்தது. 1956-இல் நிறுவனம் பிறந்தது. 1957 மே 20-இல் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. இல்லந்தோறும் விளக்கேற்றிய கரி அது. அதைப் பழிக்க நான் வரவில்லை. மின்விளக்கின் கீழே நின்றுகொண்டு அதைப் பழிப்பது முறையுமாகாது.

ஆனால் அந்தக் கரி இருப்பது எங்கே? ஏறத்தாழ 50 முதல் 100 மீட்டர் ஆழத்திலே. ஒரு டன் கரியை எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேற்பட்ட மண்ணை அள்ளி அப்பால் கொட்ட வேண்டும். கரிக்கு அடியிலோ அழுத்தம் மிகுந்த நிலத்தடி நீர். அதை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை நிலைக்கும். இத்தனை ஆழத்திலே உழவனுக்குரியது எவ்வளவு? மேலேயுள்ள ஒரு சாண், இரண்டு சாண் மண்! மட்கும் மண்புழுவும், தலைமுறை தலைமுறையாகக் கொட்டிய எருவும் சேர்ந்து உருவான மண் அது. ஜெர்மனி நாட்டிலிருந்து வந்த வாளிச் சக்கர எந்திரம் அதை அறியுமா? மேல்மண்ணையும் அடிமண்ணையும் ஒன்றாகக் கலந்து கொட்டிவிட்டால், பிறகு மூட்டை மூட்டையாக உரமிட்டாலும் பழைய கழனியைக் காண்பது அரிது.

ஆகவே தோழர்களே, நிலமீட்பு என்பது கரி தீர்ந்தபின் செய்யும் கருமாதிச் சடங்கன்று. முதல் வாளி மண் எடுக்கும் நாளிலேயே, மேல்மண்ணைத் தனியே சீவினார்களா, தனியே குவித்தார்களா, மழையிலே கரையாமல் புல் வளர்த்துக் காத்தார்களா என்று பார்க்க வேண்டிய வேலை அது.

பார்ப்பது யார்? சட்டம் இருக்கிறது. சுரங்கங்களுக்கென்று ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், தலைமையகம் தன்பாத்திலே. அவர்கள் முதலில் நோக்குவது தொழிலாளியின் உயிர்ப் பாதுகாப்பை, அது வேண்டியதே. நிலத்துக்கென்று 2009-இல் நிலக்கரி அமைச்சகம் சுரங்க மூடல் திட்ட நெறிமுறை வகுத்தது. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று அந்நாளைய விலையில் கணக்கிட்டு, ஆண்டுதோறும் தனிக் கணக்கிலே செலுத்தச் சொன்னது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சுரங்கம் முடிந்த நிலத்திலே மீண்டும் புல் வளர்க்க வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாக்கச் சொன்னது. ஏடு இருக்கிறது, எழுத்து இருக்கிறது. ஊரார் எங்கே இருக்கிறார்கள்?

2023 ஜூலையில் வளையமாதேவியிலே, பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக, நின்ற நெற்பயிரின்மீது எந்திரங்கள் இறங்கியதைக் கண்டோம். நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றார்கள். மெய்தான். பயிர் பச்சையாக நின்றதும் மெய்தானே!

அமெரிக்காவிலே 1977-இல், அதிபர் கார்ட்டர் காலத்திலே, திறந்தவெளிச் சுரங்கங்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதன்படி சராசரியாக மாதம் ஒருமுறை பகுதி ஆய்வு, காலாண்டுக்கு ஒருமுறை முழு ஆய்வு. சுரங்கக்காரருக்கு முன்னறிவிப்புத் தரலாகாது! அறிவித்துவிட்டு வந்தால்தான் திரை தொங்கவிட நேரம் கிடைத்துவிடுமே! குறைகூறிய குடிமகன், தன் புகாரின்மேல் ஆய்வு நடக்கும்போது ஆய்வாளரோடு தானும் உடன் செல்லலாம். பிணைத்தொகையைத் திரும்பப் பெறக் கேட்கும் நிறுவனம், உள்ளூர்ச் செய்தித்தாளில் நான்கு வாரம் விளம்பரம் தர வேண்டும். அமெரிக்கா சொர்க்கபூமி என்று சொல்லவில்லை. அங்கும் ஏய்ப்போர் உண்டு. ஆயினும் ஊரானுக்கு ஓர் இடம் எழுதிவைத்தார்கள்.

‘மரம் வளர்த்திருக்கிறோம், குளம் அமைத்திருக்கிறோம்’ என்கிறது நெய்வேலி நிறுவனம். உண்மை, கண்ணுக்கு இனிமையும்கூட. ஆனால் ஊரார் கொடுத்தது கழனி. கடைசிக் குழி ஏரியாகும் என்றால், அதன் கரை நிற்குமா என்பதையும் யாரேனும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் நாக்டர்ஸ்டெட் என்ற ஊரிலே, பழைய பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை ஏரியாக்கிக்கொண்டிருந்தார்கள். 2009 ஜூலை 18 அன்று கரை சரிந்தது, வீடுகள் ஏரிக்குள் போயின, மூவர் மாண்டனர். எந்திரம் செய்யும் நாட்டிலேயே இந்தக் கதி!

சுரங்கத்தை ஒட்டிய ஊர்களிலுள்ள கிளைக்கழகத் தோழர்களே! மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுவதை அறிவீர்கள். அங்கே எழுந்து நின்று, சுரங்க மூடல் திட்டத்தின் படியைத் தமிழிலே கேளுங்கள். ஆய்வுக்கு வருவோருடன் ஊரார் இருவர் உடன் செல்ல இடம் கேளுங்கள். மீட்ட நிலம் எவர் கைக்குப் போகும் என்று கேளுங்கள். தீர்மானம் எழுதும்போது, மேல்மண் குவியல் எங்கே இருக்கிறது என்ற வரியை விட்டுவிடாதீர்கள். கையொப்பமிடுமுன் அதை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.